வீட்டுக்குரிய நேரத்தைக் காணிக்கைப் பெட்டியில் போடாதீர்கள்

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இன்றைக்குப் பேசப்போவது, அன்பானவர்களுக்கு நேரம் கொடுப்பதைப் பற்றி. காணிக்கை கொடுப்பது, உதவி செய்வது, ஆறுதல் வார்த்தை சொல்வது பற்றியெல்லாம் நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறோம். ஆனால் சிலருக்கு என்ன வாங்கிக் கொடுத்தாலும், "சரி, அதை அங்கே வை. நீ இங்கே வந்து கொஞ்சம் உட்கார்" என்பார்கள். அப்படி ஒருவராவது எல்லோர் வீட்டிலும் இருப்பார்.

ஒரு வேண்டுகோள். இந்த நிமிடம் யாராவது உங்களிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து நிறுத்திவிட்டு அவர் பக்கம் திரும்புங்கள். காணொளி எங்கும் ஓடிப்போகாது.

வேதத்தில் மாற்கு 3:14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு பன்னிரண்டு பேரை எதற்காக ஏற்படுத்தினார்? பிரசங்கம் பண்ண, பிசாசுகளைத் துரத்த என்று உடனே சொல்லிவிடுவோம். ஆனால் அந்த வசனத்தில் முதலில் வருவது "தம்மோடுகூட இருக்கவும்" என்பது. அனுப்புவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் அவரோடு நடந்தார்கள், சாப்பிட்டார்கள், படகில் போனார்கள். கேள்விகளும் கேட்டார்கள், அவற்றில் பாதி மண்டையில் ஏறாமல் கேட்ட கேள்விகள். உலகத்தை இரட்சிக்க வந்தவர் இந்தப் பேச்சுக்கெல்லாம் உட்கார்ந்திருந்தார்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. விசுவாசிகளான நம் வீடுகளில் நேரத்தைத் திருடுவது கைப்பேசி மட்டுமில்லை. உலகத்துக் காரியம் என்று அதை எளிதாகத் திட்டிவிடலாம். நாம் திட்டத் தயங்குகிற திருடன் ஒருவன் இருக்கிறான். பாடகர் குழுப் பயிற்சி, வாலிபர் கூட்டம், ஆயத்த ஜெபம், வீட்டுச் சந்திப்பு, கமிட்டி, அந்தக் கமிட்டிக்காக இன்னொரு கமிட்டி. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் வீட்டில் ஒருவர் தட்டை வைத்துக்கொண்டு காத்திருக்கும்போது, "ஊழியத்துக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வாய் திறக்க முடியாது. கர்த்தருடைய பெயரைச் சொன்ன பிறகு யார் எதிர்த்துப் பேசுவார்கள்?

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயர் என்ற யூத மதக் குழுவினரை இயேசு கடிந்துகொண்ட காரணத்தைப் பாருங்கள். தாய் தகப்பனுக்குக் கிடைக்கவேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை என்று அறிவித்துவிட்டால், பிறகு பெற்றோருக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று அவர்கள் வைத்திருந்தார்கள். இதனால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்றார் அவர். அங்கே பேச்சு பொருளைப் பற்றியது. நேரத்திலும் கொர்பான் உண்டு என்பது என் துணிபு. மனைவிக்குரிய மாலையை, கணவருக்குரிய ஞாயிற்றுக்கிழமையை, வயதான அம்மாவுக்குரிய ஒரு மணி நேரத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு, "ஆண்டவருக்குக் கொடுத்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருக்கிறோம். அவர் அதைக் கேட்டாரா என்று ஒரு முறையாவது விசாரித்தோமா?

"தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்றும் அவர்தானே சொன்னார்?" என்று கேட்பீர்கள். சொன்னார். அதே இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டிருந்த வேளையிலும் தம் தாயை ஒரு சீஷனிடம் ஒப்படைத்தார். முதலிடம் தேவனுக்குத்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த முதலிடத்தைச் சாக்காக வைத்து மற்றவர்களைப் பட்டியலிலிருந்தே அடித்துவிடுவதுதான் தவறு.

அடுத்து, மாற்கு 5. எனக்கு மிகவும் பிடித்த அதிகாரம். யவீரு என்ற ஜெப ஆலயத் தலைவனின் மகள் சாகும் தறுவாயில் கிடக்கிறாள். வயது பன்னிரண்டு. ஒவ்வொரு நொடியும் முக்கியம். இயேசு அவன் வீட்டுக்குப் போகிற வழியில், பன்னிரண்டு வருடமாகப் பெரும்பாடு, அதாவது நிற்காத இரத்தப்போக்கு உள்ள ஒரு பெண் கூட்டத்துக்குள் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள், சுகமாகிறாள். அத்தோடு போயிருக்கலாமே? காரியம் முடிந்துவிட்டது. இயேசு நின்றுவிடுகிறார். யார் தொட்டது என்று தேடுகிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்" என்று இருக்கிறது. இந்த "எல்லாம்" என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். பன்னிரண்டு வருடக் கதை. எத்தனை வைத்தியர்கள், எவ்வளவு செலவு, எப்படி ஒதுங்கி வாழ்ந்தாள் என்பதெல்லாம் அதில் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் குறுக்கே பேசியதாக ஒரு வரி இல்லை. முடிந்ததும் "மகளே" என்று கூப்பிடுகிறார்.

பக்கத்தில் யவீரு நிற்கிறானே, அவன் நிலையில் நான் இருந்திருந்தால் கத்தியிருப்பேன். இயேசு அவளோடு பேசிக்கொண்டிருக்கும்போதே மகள் இறந்த செய்தி வந்துவிடுகிறது. ஒருவருக்கு நேரம் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும், அதை வேதம் மறைக்கவில்லை. இயேசு பிறகு போய் அந்தப் பிள்ளையை எழுப்பினார். நம்மால் அது முடியாது. அதனால் யாருக்குக் கொடுக்கிறோம், யாரைக் காக்க வைக்கிறோம் என்று நாம் யோசித்தே ஆகவேண்டும். எல்லோருக்கும் எல்லா நேரமும் அவரும் கொடுக்கவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்று சீஷனான சீமோன் வந்து சொல்கிறான். அவர் வேறு ஊருக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

சரி, கூட உட்கார்ந்து என்ன பேசுவது? பல நேரம் ஒன்றும் பேசவேண்டாம். எல்லாவற்றையும் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவின் நண்பர்கள் இரவுபகல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தையும் பேசாமல். அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து வேதபாடம் நடத்த ஆரம்பித்த பிறகுதான் "அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்", அதாவது ஆறுதல் என்ற பெயரில் தொல்லை கொடுப்பவர்கள் என்ற பட்டம் யோபுவிடம் கிடைத்தது.

பேசினால், கேள்வியாகப் பேசுங்கள். என் அப்பா தன் முதல் வேலையைப் பற்றிய கதையை அடிக்கடி சொல்வார். சைக்கிளில் போனது, மழையில் நனைந்தது, மேலாளர் முறைத்தது, எல்லாம் எனக்கு மனப்பாடம். சமீபத்தில் அவர் கதையில் மழைக்கு வந்தபோது, "கையில் இருந்த சான்றிதழ்கள் நனையவில்லையா அப்பா?" என்று கேட்டேன். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டைக்குள் வைத்து, மேலே துண்டைச் சுற்றி, ஒரு கையால் அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையில் சைக்கிள் ஓட்டினாராம். அந்தத் துண்டு பாட்டி கொடுத்தனுப்பியது. பிறகு பேச்சு பாட்டியைப் பற்றிப் போய்விட்டது, எனக்குத் தெரியாத பாட்டி. பழைய கதையைப் பொறுத்துக்கொள்வது மரியாதை. அதற்குள் புகுந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அவர் முகமே மாறும்.

கணவன் மனைவிக்கு ஒன்று. உபாகமம் 24:5-இல், புதிதாகத் திருமணமானவன் ஒரு வருடம் யுத்தத்துக்குப் போகவேண்டாம், வீட்டிலிருந்து மனைவியைச் சந்தோஷப்படுத்தட்டும் என்று இருக்கிறது. போருக்கே விடுப்பு கொடுத்த வேதம் இது. கமிட்டிக் கூட்டத்துக்குக் கொடுக்காதா?

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் கேட்பீர்கள். அது வேண்டும்தான், ஆனால் பத்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு இருந்ததைச் சேர்ந்திருந்த நேரம் என்று கணக்கு எழுதாதீர்கள். கண்ணைத் திறந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற பத்து நிமிடமும் சேரட்டும்.

தூரத்தில் இருப்பவர்கள் என்ன செய்வது? யோவான் தன் இரண்டாம் நிருபத்தை முடிக்கும்போது, இன்னும் எழுத நிறைய இருக்கிறது, ஆனால் காகிதமும் மையும் வேண்டாம், நேரில் வந்து முகமுகமாகப் பேசுகிறேன் என்கிறார். பவுல் சிறையிலிருந்து தீமோத்தேயுவிடம், மாரிகாலத்துக்கு முன் வந்து சேர் என்று கேட்கிறார். அப்போஸ்தலருக்கே கடிதம் போதவில்லை. வர முடிகிறவர்கள் போய் வாருங்கள். முடியாதவர்கள் அழைப்பை வேறு வேலை செய்துகொண்டே பேசாமல், உட்கார்ந்து பேசுங்கள். பாத்திரம் கழுவும் சத்தம் அந்தப் பக்கம் நன்றாகவே கேட்கும்.

வேலையில் மூழ்கிய மார்த்தாள், இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்ட அவள் சகோதரி மரியாள், இவர்கள் கதையை ஏன் எடுக்கவில்லை என்று நினைப்பீர்கள். வேண்டுமென்றே விட்டேன். மார்த்தாளைத் திட்டுகிற பிரசங்கங்கள்மேல் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. தன் சகோதரன் லாசரு இறந்தபோது ஆண்டவரை எதிர்கொண்டு போய், "நீர் தேவகுமாரனான கிறிஸ்து" என்று அறிக்கையிட்டது அந்த மார்த்தாள்தான். அதை அடுத்த காணொளியில் பேசலாம். ஸ்தோத்திரம்.