விழித்திரை தனக்கென வைத்திருக்கும் கொலஸ்ட்ரால் கணக்கு

[காட்சி: பென்னாகரம் பகுதியில் கண் பரிசோதனை முகாம். வரிசையில் அமர்ந்திருப்போர் கைகளில் ஆய்வகச் சீட்டுகள். பின்னணியில் குரல்.]

தருமபுரி மாவட்டத்துக் கண் முகாம்களில், சர்க்கரையைப் பற்றியும் ரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்டு முடித்தவர்கள் தயங்கியபடி இன்னொன்றையும் கேட்பதுண்டு: "ரத்தத்துல கொழுப்பு 240 இருக்குதுன்னு சொல்லிட்டாங்க சார், அது கண்ணுலயும் போய்ப் படியுமா?" இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற முயல்வது தவறாகவே முடியும், ஏனெனில் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலும் விழித்திரையில் இருக்கும் கொலஸ்ட்ராலும் ஒன்றோடொன்று தொடர்புடையவையாயினும், அவற்றின் அளவை நிர்ணயிக்கும் ஏற்பாடுகள் வெவ்வேறானவை.

இமையோரத்தில் எழும் மஞ்சள் திட்டும், கருவிழியின் விளிம்பைச் சுற்றித் தோன்றும் வெண்வளையமும் கொழுப்புப் படிவுகள்தாம் என்றாலும், அவை பார்வையைக் கெடுப்பதில்லை. விழித்திரையோடு அவற்றுக்குச் சம்பந்தமும் இல்லை. கழுத்துத் தமனியிலிருந்து பெயர்ந்து வந்து விழித்திரையின் தமனியில் சிக்கிக்கொள்ளும் கொலஸ்ட்ரால் துணுக்கு ஆபத்தானது. ஆயினும் அது ரத்தக் குழாயின் நோயே. இந்த வீடியோவில் நாம் பார்க்கப்போவது விழித்திரையின் திசுவுக்குள் நடப்பதை.

[காட்சி: விழித்திரையின் குறுக்குவெட்டு வரைபடம். ஒளியுணர் செல்கள், நிறமி அடுக்கு, ப்ரூக் சவ்வு, கோராய்டு ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒளிர்கின்றன.]

கொலஸ்ட்ரால் என்றதும் அதனை ஒரு நஞ்சாகக் கருதும் வழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. உண்மையில் அது இல்லாமல் எந்த விலங்குச் செல்லின் சவ்வும் நிலைத்திருக்க முடியாது. மங்கிய ஒளியில் பார்ப்பதற்கு உதவும் குச்சி செல்களின் வெளிப்பகுதியில், நாணயங்களை அடுக்கியது போல நூற்றுக்கணக்கான சவ்வுத் தட்டுகள் இருக்கின்றன; ஒளியை உறிஞ்சும் ரொடாப்சின் என்னும் புரதம் அத்தட்டுகளில்தான் பதிந்துள்ளது. அடிப்பகுதியில் புதிதாக உருவாகும் தட்டுகளில் கொலஸ்ட்ரால் அதிகமாகவும், நுனியை நெருங்கும் பழைய தட்டுகளில் குறைவாகவும் இருக்கிறது. சவ்வில் கொலஸ்ட்ரால் கூடினால் ரொடாப்சின் செயலூக்கம் பெறுவது கடினமாகிறது. ஆகவே எந்தத் தட்டில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது, ஒளிக்கு அந்தச் செல் எவ்வளவு கூர்மையாக எதிர்வினையாற்றும் என்பதையே பாதிக்கிறது.

இந்தக் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது? மூளையைப் போலவே விழித்திரைக்கும் ரத்தத்திலிருந்து கண்டபடி எதுவும் நுழைந்துவிடாமல் தடுக்கும் அரண் உண்டு. உட்புறத்தில் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்களும், வெளிப்புறத்தில் ஒளியுணர் செல்களை ஒட்டியுள்ள நிறமி அடுக்கின் செல்களும் இடைவெளியின்றி இறுகப் பொருந்தி அந்த அரணை அமைக்கின்றன. ஆனால் நிறமி அடுக்கு, தனக்குப் பின்னால் ரத்தக் குழாய்கள் நிறைந்த படலமான கோராய்டின் ரத்தத்திலிருந்து, கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்களைத் தன் ஏற்பிகளால் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளவும் வல்லது. ஆக, விழித்திரைக்கு வரவு இரண்டு வழிகளில் அமைகிறது: தானே தயாரித்துக்கொள்வது ஒன்று, ரத்தத்திலிருந்து பெறுவது மற்றொன்று. எலிகளில் செய்யப்பட்ட அளவீடுகளின்படி, பெரும்பங்கு உள்ளேயே தயாராகிறது.

தயாரிப்பின் கடிவாளம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது. செல்லின் உள்ளுறுப்பான எண்டோபிளாச வலையின் சவ்வில் கொலஸ்ட்ரால் குறையும்போது, ஸ்கேப் என்னும் புரதம் எஸ்.ஆர்.இ.பி.பி.-2 என்னும் மற்றொரு புரதத்தை, செல்லின் இன்னொரு உள்ளுறுப்பான கோல்கிக்குக் கொண்டுசெல்கிறது. அங்கே வெட்டப்படும் அதன் துண்டு உட்கருவுக்குள் சென்று, கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதிகளுக்கும் எல்.டி.எல். ஏற்பிக்கும் உரிய மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அளவு மிகுந்தால் இந்தப் பயணமே நடைபெறாது. இத்தகைய கட்டுப்பாட்டின் அடிப்படைகளை எல்.டி.எல். ஏற்பியின் வழியாகக் கண்டறிந்ததற்காக மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் ஆகிய இருவருக்கும் 1985-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

[காட்சி: கிருஷ்ணகிரி அணையின் மதகுகள்.]

வரவை மட்டும் கவனிப்பவர்கள் பாதிக் கதையைத்தான் அறிவார்கள். கே.ஆர்.பி. அணையின் 52 அடி மட்டம், தென்பெண்ணையில் எவ்வளவு நீர் வருகிறது என்பதோடு, மதகு வழியே எவ்வளவு வெளியேறுகிறது என்பதையும் பொறுத்தே அமைகிறது; விழித்திரையிலும் வெளியேற்றமே சிக்கலான பகுதி. கொலஸ்ட்ராலின் வளைய அமைப்பை உடைத்து எரிக்க நம் உடலால் இயலாது. எனவே அதனை வேறொன்றாக மாற்றியோ, ஏதேனும் ஒரு துகளில் ஏற்றியோதான் அனுப்பியாக வேண்டும். சி.ஒய்.பி.46ஏ1, சி.ஒய்.பி.27ஏ1 ஆகிய இரு நொதிகள் கொலஸ்ட்ராலில் ஆக்சிஜனைச் சேர்த்து, சவ்வுகளை எளிதில் கடக்கக்கூடிய பொருள்களாக மாற்றுகின்றன. அமெரிக்காவின் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் ஐரினா பிகுலேவாவின் குழு இவ்விரு நொதிகளும் இல்லாத எலிகளை ஆராய்ந்தபோது, அவற்றின் விழித்திரையில் கொலஸ்ட்ரால் மிகுந்திருந்ததோடு ரத்தக் குழாய்களும் பழுதுபட்டிருந்தன. இம்மாற்றத்தில் உண்டாகும் பொருள்கள் வெறும் கழிவுகளும் அல்ல, எல்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பியைத் தூண்டி, கொலஸ்ட்ராலை வெளியே தள்ளும் ஏ.பி.சி.ஏ.1 போன்ற புரதங்களைக் கூடுதலாக உருவாக்கச் செய்வதும் அவையே.

நிறமி அடுக்கின் பாடுதான் பெரும்பாடு. குச்சி செல்களின் வெளிப்பகுதி ஏறத்தாழ 10 நாள்களில் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. ஒவ்வொரு நாளும், குறிப்பாகக் காலை வெளிச்சம் தொடங்கும் வேளையில், உதிரும் நுனித் தட்டுகளை இந்த அடுக்கின் செல்கள் விழுங்கிச் செரிக்கின்றன. அவற்றிலிருந்து கிடைக்கும் கொழுப்பில் ஒரு பகுதி ஒளியுணர் செல்களுக்கே திரும்புகிறது. எஞ்சியது, நிறமி அடுக்குக்கும் கோராய்டுக்கும் இடையிலுள்ள ப்ரூக் சவ்வைக் கடந்து கோராய்டின் ரத்தத்தை அடைய வேண்டும். வயதாக ஆக அந்தச் சவ்வு தடித்து, கொழுப்பு அமிலத்தோடு இணைந்த கொலஸ்ட்ராலான எஸ்டர்களைச் சுமந்த துகள்கள் அதிலேயே தங்கத் தொடங்குகின்றன. பிர்மிங்ஹாமிலுள்ள அலபாமா பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டின் குர்சியோவின் குழு செய்த பணிகள், இத்துகள்களில் பெரும்பாலானவை நிறமி அடுக்கின் செல்களே வெளியிட்டவை எனக் காட்டுகின்றன. ட்ரூசன் எனப்படும் மஞ்சள் திட்டுகள் இவ்விடத்தில்தான் தோன்றுகின்றன. அவை பெரிதாகிப் பெருகுவது, விழித்திரையின் மையப் பகுதியைப் பாதிக்கும் வயது சார்ந்த மாக்குலா சிதைவின் முக்கிய அடையாளம்.

இங்கே நம் வழக்கமான நம்பிக்கையொன்று தடுமாறுகிறது. இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் எச்.டி.எல். வகைக் கொலஸ்ட்ரால் ரத்தத்தில் அதிகமாக உள்ளவர்களிடம் மாக்குலா சிதைவு சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதாகப் பெரிய மக்கள்தொகை ஆய்வுகள் தெரிவிக்கின்றன. அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏ.பி.ஓ.இ.-4 மரபணு வகையோ, மாக்குலா சிதைவுக்கான வாய்ப்பைக் குறைக்கிறது. ரத்தத்தின் நல்லது கெட்டதை அப்படியே கண்ணுக்குப் பொருத்திப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கையில்லாததற்கு இவையே காரணம்.

[காட்சி: மருத்துவர் ஒருவர் நோயாளியின் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறார்.]

ஸ்டேட்டின் மாத்திரைகள் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தவிர்ப்பதற்காகத் தரப்படுகின்றன. அவை மாக்குலா சிதைவைத் தடுக்கும் என்பதற்கு இதுவரை போதிய சான்று கிடைக்கவில்லை. ஆகையால் கண்ணுக்காக மட்டும் அவற்றைத் தொடங்குவதற்கும், கண்ணுக்குப் பயந்து மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவதற்கும் இப்போதைக்கு ஆதாரமில்லை. புகைபிடிப்பதை விடுவது இந்நோயின் வாய்ப்பைக் குறைக்கும். ட்ரூசன் இருக்கிறதா என்பதை அறிய, கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கதவு நிலையோ மின்கம்பமோ வளைந்து தெரிந்தால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. மருந்து விட்ட பின் சில மணி நேரம் கண் கூசும், எழுத்துகள் மங்கும் என்பதால், பாலக்கோட்டிலிருந்தோ அரூரிலிருந்தோ இருசக்கர வண்டியில் தனியே வருபவர்கள், திரும்பும்போது வண்டியை ஓட்டுவதற்குத் துணையாக ஒருவரை அழைத்து வரவும்.