மரம் வைத்தவன் தண்ணீரை வடிக்கவும் வேண்டும்

(திருத்துறைப்பூண்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஆடி மாத மரக்கன்று விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போனதைக் கொஞ்சம் சேர்த்திருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, அத்தனை வேலைக்கு நடுவிலும் வந்திருக்கும் தாசில்தார் அம்மா அவர்களே, ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, மைக்கும் பந்தலும் வாடகை வாங்காமல் தந்த தம்பி அவர்களே, முன்வரிசையில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, தாய்மார்களே, பிள்ளைகளே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அதற்குப் பதில் ஒரு மண்வெட்டி தந்திருந்தால் இன்னும் மகிழ்ந்திருப்பேன். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

வறட்சியில் கன்று என்ன செய்கிறது, தண்ணீர் தேங்கினால் என்ன செய்கிறது, உப்பு ஏறினால் என்ன செய்கிறது என்று மூன்று சங்கதி பேச வந்தேன்.

'மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்' என்பார்கள். நான் ஏறுகிற மேடையெல்லாம் இதைச் சொல்வேன் என்று வீட்டில் கேலி. சொல்லத்தான் செய்வேன். வறட்சிக்கு அது சரியான வாக்கு. மண் காயத் தொடங்கியதும் கன்றுக்குள் அப்சிசிக் அமிலம் சுரக்கிறது. அது இலையில் இருக்கும் நுண்துளைகளை மூடிவிடும். தண்ணீர் மிச்சமாகும். ஆனால் கரியமில வாயுவும் உள்ளே வராது, அடுப்பு அணைந்த மாதிரிதான். பிறகு கன்று கீழ் இலைகளை உதிர்க்கும், புது இலையைச் சிறிதாக விடும், கையில் இருப்பதை வேருக்குச் செலவழிக்கும். தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே நின்று பழகிவிடும். வாரம் இரண்டு தரம் குழி நிறைய ஊற்றினால் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தபோது, ஆழ வேர்விட்ட வேம்பு எங்கள் கொல்லையில் தாங்கியது.

இப்போது ஒரு கதை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா அடித்தது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மரங்களுக்கு ஈடாக மறு வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேப்பங்கன்று நட்டோம். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். அங்கே ஒரு காவலாளி அண்ணன், தங்கமான மனிதர். ஐப்பசி மழை பிடித்து நாலு நாளில் இலை தொங்கியது. 'பிள்ளைக்குத் தாகம் போலிருக்கு' என்று ஒரு குடம் ஊற்றினார். மறுநாளும் தொங்கியது, இரண்டு குடம் ஊற்றினார். மழையும் பெய்கிறது, குடை பிடித்துக்கொண்டு இவரும் ஊற்றுகிறார்! என்னைப் பார்த்ததும், "அண்ணே, நம்ம பழமொழிதான்" என்று சிரித்தார். எட்டாம் நாள் நான் கன்றைத் தொட்டேன். முள்ளங்கி மாதிரிக் கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்துக் கிடந்தது. இரண்டு விரலால் உருவினால் தோல் கழன்று நடுவில் நூல் மட்டும் நின்றது. குழியிலிருந்து அழுகின முட்டை நாற்றம். சத்துணவு அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "யாருண்ணே செத்தது?" என்றார்.

சரி, தண்ணீரில் நிற்கும் கன்று ஏன் வாடுகிறது? வேருக்கும் மூச்சு வேண்டும். காற்றில் பரவுவதைப் போல அல்ல, தண்ணீருக்குள் ஆக்சிஜன் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் பரவும். மூச்சுத் திணறிய வேர் தண்ணீரை உறிஞ்சாது. இலை வாடும், துளை மூடும். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் முகம் ஒன்றுதான். ஆகவே குடத்தைத் தூக்கும் முன் குழிக்குள் விரலை விட்டுப் பாருங்கள். முருங்கை சீக்கிரம் போய்விடும், தேக்கும் வேம்பும் ஈரக்கால் தாங்காது. நீர்மருதும் நாவலும் புங்கனும் சமாளிக்கும். வெள்ளத்தில் நின்ற புங்கங்கன்றின் அடித்தண்டைப் பாருங்கள், பொரி ஒட்டினாற்போல வெள்ளை வெள்ளையாகப் புடைத்திருக்கும். காற்று வாங்கும் வாசல் அது. அதன் பக்கத்திலேயே புது வேரும் விடும்.

இதில் ஒரு கொடுமை உண்டு. கார்த்திகையில் அடிவேர் அழுகிய கன்று அப்போதே சாகாது. மேல்வேரை வைத்துக்கொண்டு தை, மாசி தள்ளும். பங்குனி வெயிலில் மேல்மண் காய்ந்ததும் போய்விடும். நாம் வெயில் கொன்றது என்று எழுதிக்கொள்கிறோம்.

கொன்றது வடிகால்! ஆமாம், சுற்றி வளைத்து அங்கேதான் வருவேன் என்று எல்லோருக்கும் தெரியும். மேட்டூரில் எப்போது திறப்பார்கள் என்று ஜூன் 12ஐ நாள் எண்ணிக் காத்திருக்கிறோம், பாசன வாய்க்காலுக்குச் சண்டை போடுகிறோம். வடிகால் வாய்க்காலை யார் கேட்டார்கள்? நம் ஊர் வடிகாலில் ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி, ஆடு மேலே நடந்து அக்கரைக்குப் போகிறது. அந்தப் பள்ளிக்கூடத்துக் குழி இருந்த இடமும் ஒரு காலத்தில் வடிகால்தான். சுவர் எழுப்பி அடைத்திருக்கிறார்கள். சுவருக்கு அடியில் ஒரு குழாய் போட்டோம். அதே குழியில் வைத்த அடுத்த வேம்பு இன்று என் உயரத்தைத் தாண்டிவிட்டது. மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான், சரி. அவனே வடிக்கவும் வேண்டும்.

உப்பைப் பற்றிச் சொல்லவேயில்லை, துண்டுச் சீட்டு வந்துவிட்டது. தலைவர் மன்னிக்க வேண்டும், அதற்கு இன்னொரு மேடை தாருங்கள். அப்புறம் ஒன்று. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கீழத்தெரு மதகடியில் காட்டாமணக்கு வெட்டப் போகிறோம். தாசில்தார் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரிவாளும் மண்வெட்டியும் உங்களுடையது, டீ என் செலவு.