பெட்டி முதலில் போகட்டுமா, கூடவே வரட்டுமா?

வணக்கம் நேயர்களே.

பனிக்காலம் தொடங்கினால் ரொறன்ரோவில் எங்கள் ஆட்கள் இரண்டு வகை. வாசலில் சினோ தள்ளிக்கொண்டு புறுபுறுப்பவர்கள் ஒரு வகை. புளோரிடாவுக்குப் பறந்து, அங்கே கப்பலேறி, கரீபியன் தீவுகளைச் சுற்றிவிட்டு வருபவர்கள் மற்ற வகை. இந்த இரண்டாம் வகைக்குப் பயண ஒழுங்குகள் செய்து கொடுப்பது என் தொழில். அவர்கள் கப்பலைப் பற்றிக் கேட்பது குறைவு. பெட்டியைப் பற்றித்தான் கேட்பார்கள். அண்மைக் காலமாக ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது: "பெட்டியை விமானத்தில் போடாமல் கூரியரில் முன்கூட்டியே அனுப்பிவிட்டால் என்ன? கையை வீசிக்கொண்டு போகலாமே?" இன்றைக்கு அதைப் பற்றிக் கதைப்போம்.

சாதாரணப் பயணத்தில் பெட்டி பிந்துவது ஒரு தொல்லை, அவ்வளவுதான். லண்டனில் அக்கா வீட்டுக்குப் போகிறீர்கள், பெட்டி வரவில்லை என்றால் அத்தானின் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் இருக்கலாம். மூன்றாம் நாள் வாசலில் மணி அடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கப்பலுக்கு அப்படி நிலையான வாசல் கிடையாது. புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் நகரில் ஞாயிறு பின்னேரம் நான்கு மணிக்குக் கப்பல் புறப்பட்டால், மறுநாள் பெரும்பாலும் நடுக்கடல், அல்லது கப்பல் நிறுவனமே வைத்திருக்கும் கோகோகே போன்ற ஒரு குட்டித் தீவு. அங்கே பயணிகள் விமானம் இறங்குவதில்லை. செயின்ட் தோமஸ், செயின்ட் மார்ட்டின் என்று விமான நிலையம் உள்ள தீவுக்குப் போய்ச் சேர மூன்றாம் நான்காம் நாள் ஆகிவிடும். அங்கும் கப்பல் காலையில் வந்து பின்னேரம் போய்விடும். அந்த எட்டு ஒன்பது மணித்தியாலத்துக்குள் பெட்டி தீவுக்கு வந்து, சுங்கம் தாண்டி, கப்பலின் துறைமுக முகவர் கையில் கிடைக்க வேண்டும். பிந்தினால் அது அடுத்த தீவுக்குத் துரத்திக்கொண்டு வரும். பல தடவைகளில் கடைசியில் ரொறன்ரோவுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பயணம் முடிந்து வந்து, மடிப்புக் குலையாத உடுப்போடு பெட்டியை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படிச் சொன்னதும் பயந்துவிடாதீர்கள். பெட்டி தவறுவது முன்பைவிட மிகவும் குறைந்திருக்கிறது. விமான நிலையங்களுக்குக் கணினி வசதி செய்து கொடுக்கும் சீற்றா நிறுவனம் ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறது. 2007இல் ஆயிரம் பயணிகளுக்கு ஏறக்குறைய 19 பெட்டிகள் பிந்தின, உடைந்தன அல்லது தொலைந்தன. 2024இல் அது 6.3. அந்த 6.3இலும் நாற்பது வீதத்துக்கு மேல் விமானம் மாறும் இடங்களில் தவறியவை. ஆகவே ரொறன்ரோவிலிருந்து நேரே போர்ட் லோடர்டேலுக்குப் போகும் விமானத்தில் ஏறினாலே ஆபத்தில் பெரிய பகுதி கழிந்துவிடும். மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல்தான் பறப்பு. அறுபது டொலர் மிச்சம் பிடிக்க இடையில் ஓரிடத்தில் இறங்கி ஏறுபவர்களோடு எனக்குத் தீராத வழக்கு.

சரி, கூரியர். அமெரிக்காவில் இது நன்றாக வேரூன்றிய தொழில். லகேஜ் போர்வர்ட் போன்ற நிறுவனங்கள் வீட்டுக்கே வந்து பெட்டியை எடுத்து, கப்பல் நிறுவனத்தோடு பேசி, உங்கள் கபின்வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். விலை கூடிய சில கப்பல்களில், நீண்ட பயணங்களுக்கு, இந்தச் செலவைக் கட்டணத்திலேயே சேர்த்துவிடுகிறார்கள். இதன் பெரிய நன்மை என்று நான் நினைப்பது வேறொன்று. விமானத்தில் போட்ட பெட்டி வரவில்லை என்பது பெல்ட் சுற்றி நின்ற பிறகுதான் தெரியும். கப்பல் போக அப்போது சில மணித்தியாலம்தான் இருக்கும். ஒரு கிழமைக்கு முன் அனுப்பிய பெட்டி எங்கேயாவது சிக்கினால், அது நீங்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டு இருக்கும்போதே போனில் தெரிந்துவிடும். வேறொரு பெட்டி அடுக்க நேரம் இருக்கும். நீங்கள் கொடுக்கும் காசு உண்மையில் அந்த அவகாசத்துக்குத்தான்.

ஆனால் சிகாகோவில் இருப்பவர் மயாமிக்கு அனுப்புவதும் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருப்பவர் அனுப்புவதும் ஒன்றல்ல. இடையில் எல்லை இருக்கிறது. நீங்கள் விமானத்தில் போகும்போது ரொறன்ரோவின் பியர்சன் விமான நிலையத்திலேயே அமெரிக்க அதிகாரிகள் உங்களையும் பெட்டியையும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். ஆள் இல்லாமல் தனியே போகும் பெட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுக்க வேண்டும். கூட வராத சொந்தப் பாவனைப் பொருட்களுக்கு என்று அமெரிக்கச் சுங்கத்தில் 3299 என்ற இலக்கத்தோடு தனிப் படிவமே இருக்கிறது. "இரண்டு சேலை, நான்கு கால்சட்டை, ஒரு சோடி சப்பாத்து" என்று எழுதினால் பிரச்சினை இல்லை. அதற்குள் அம்மா ஒரு போத்தல் மாங்காய் ஊறுகாயும் அரைக் கிலோ மிளகாய்த்தூளும் ஒளித்து வைத்துவிட்டால், பெட்டி எத்தனை நாள் எங்கே கிடக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கப்பலில் சோறும் கறியும் தருகிறார்கள் அம்மா, கொஞ்சம் உறைப்புக் குறைவு, அவ்வளவுதான்.

சாதாரண கூரியரில் நேரே துறைமுகத்துக்கு அனுப்பலாம் என்று நினைக்காதீர்கள். கப்பல் காலையில் வந்து பின்னேரம் போகும். அதற்கு முந்தின நாள் வரும் பெட்டியைக் கையெழுத்திட்டு வாங்கி வைக்க அந்த முனையத்தில் ஆள் இல்லை. கப்பல் நிறுவனத்தோடு ஒழுங்கு வைத்திருக்கும் சேவை வேண்டும். இல்லாவிட்டால் கப்பலேற முந்தின இரவு தங்கும் ஹோட்டலுக்கு அனுப்ப வேண்டும். அப்படியானால் ஹோட்டலுக்கு முன்கூட்டியே அழைத்துச் சொல்லுங்கள். பெட்டியின் மேல் உங்கள் பெயரோடு, நீங்கள் அறை எடுக்கும் திகதியையும் எழுதுங்கள். சில ஹோட்டல்கள் பொதி வாங்கி வைப்பதற்குத் தனியாக அறவிடும்.

காசைப் பார்த்தால், விமானத்தில் முதல் பெட்டிக்குக் கிட்டத்தட்ட 40 டொலர். 23 கிலோ, நீளம் அகலம் உயரம் கூட்டினால் 158 சென்டிமீற்றர். அதற்குள் அடங்க வேண்டும். முன்கூட்டி அனுப்பும் சேவையில் பெட்டி ஒன்றுக்கு நூறு டொலரைத் தாண்டுவது சாதாரணம், எல்லை கடந்தால் இன்னும் ஏறும். கூரியர்காரர் நிறையை மட்டும் பார்க்கமாட்டார், பருமனையும் பார்ப்பார். பாதி வெறுமையாக இருக்கும் பெரிய பெட்டிக்கு வெறும் காற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டணம் கட்டுவீர்கள்.

ஆகவே ஏழு நாள் கரீபியன் பயணத்துக்கு, ரொறன்ரோவிலிருந்து போகிற குடும்பத்துக்கு, கூரியர் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அந்தக் காசில் ஒரு நாள் முன்னதாகப் போய் ஹோட்டலில் தங்குங்கள். ஜனவரி மாதத்தில் பியர்சனில் விமானத்தின் இறக்கையில் உறைந்த பனியைக் கழுவவே எவ்வளவு நேரம் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே பறந்து அன்றைக்கே கப்பல் ஏறுவது என்றால் பெட்டி மட்டுமல்ல, நீங்களே பிந்திவிடுவீர்கள். கப்பல் புறப்பட ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் இருக்கும்போதே பதிவு மூடப்பட்டுவிடும். அதற்குப் பிறகு அழுதாலும் ஏற்றமாட்டார்கள். முதல் நாளே போய்விட்டால், பிந்திய பெட்டி அடுத்த விமானத்தில் இரவோடு வர வாய்ப்பு இருக்கிறது. பெட்டிக்குள், அது எங்கே இருக்கிறது என்று போனில் காட்டும் ஏயர்ராக் மாதிரி ஒரு கருவி போட்டிருந்தால், அது இன்னும் ரொறன்ரோவில்தான் கிடக்கிறது என்று அன்றிரவே தெரியும். காலையில் கடைக்குப் போய் நாலு உடுப்பு வாங்கிக்கொண்டு கப்பலேறலாம்.

அந்தப் பற்றுச்சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். கனடாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போவது சர்வதேசப் பயணம், 1999ஆம் ஆண்டு மொன்றியல் உடன்படிக்கை அதற்குப் பொருந்தும். பெட்டி பிந்தினாலும் தொலைந்தாலும் ஒரு பயணிக்கு விமான நிறுவனம் கொடுக்க வேண்டிய உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). சுமார் 2,000 அமெரிக்க டொலர். இது உச்சவரம்பு, எல்லாருக்கும் அவ்வளவும் கிடைக்காது, செலவைக் காட்ட வேண்டும். 21 நாள் கடந்தும் வராத பெட்டி தொலைந்ததாகக் கணக்கு. விமான நிலையத்தை விட்டு வெளியேற முன் முறைப்பாடு எழுதி இலக்கம் வாங்குங்கள். அதில் வீட்டு முகவரியோடு நிற்காமல், கப்பலின் பெயர், எந்தத் திகதியில் எந்தத் துறைமுகம், அங்குள்ள முகவர் யார் என்பதையும் கொடுங்கள். முகவர் விபரம் கப்பல் நிறுவனம் தந்த தாள்களில் இருக்கும். பெரும்பாலானோர் வீட்டு முகவரியை மட்டும் எழுதிவிட்டு ஓடிவிடுகிறார்கள். பிறகு பெட்டி வீட்டுக்குப் போய்விட்டது என்று கோபித்து என்ன பயன்?

முன்கூட்டி அனுப்புவது யாருக்குப் பொருந்தும்? ஜனவரியில் புளோரிடாவில் ஏறி மூன்று நான்கு மாதம் உலகம் சுற்றுபவர்களுக்கு. இருபது கிலோவைத் தூக்கவே முடியாத வயதில் தனியாகப் போகிறவர்களுக்கு. சக்கர நாற்காலியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதை விமான நிறுவனம் கட்டணமில்லாமல் ஏற்ற வேண்டும். மின்சார ஸ்கூட்டர் தேவை என்றால் வாடகைக்கு எடுத்து கபினுக்கே கொண்டுவந்து வைக்கச் சொல்லலாம்.

கொழும்பிலிருந்து கப்பலில் லண்டனுக்குப் போன காலத்துப் பெட்டிகளை யாராவது வீட்டில் வைத்திருந்தால் மூடியைப் பாருங்கள். பி அன்ட் ஓ, ஓரியன்ட் நிறுவனங்கள் ஒட்டிய தாள்கள் இருக்கலாம்: கபினுக்குப் போவது ஒரு வகை, பயணத்தில் தேவைப்படுவது ஒரு வகை, பயணத்தில் தேவையில்லாதது ஒரு வகை. மூன்றாவது கப்பலின் அடித்தளத்துக்குப் போய்விடும். லண்டனுக்குப் பக்கத்து ரில்பரித் துறைமுகத்தில் இறங்கும்வரை அதைத் தொட முடியாது. இன்றைக்கும் பெட்டி அடுக்க அதைவிட நல்ல முறை இல்லை. கைப்பையில் கடவுச்சீட்டு, முழுப் பயணத்துக்குமான குளிசைகள், மூக்குக்கண்ணாடி, நகை, பவர் பாங்க், இரண்டு நாள் உடுப்பு, ஒரு நீச்சலுடை. பவர் பாங்க் எப்படியும் விமானத்தின் அடியில் போக முடியாது. மீதி பெரிய பெட்டியில். கணவனும் மனைவியும் போகிறீர்கள் என்றால் இரண்டு பெட்டியிலும் இருவர் உடுப்பையும் பாதி பாதியாகப் போடுங்கள். ஒன்று தவறினாலும் இருவருக்கும் ஏதாவது இருக்கும்.

துறைமுகத்தில் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்ட் லோடர்டேலின் போர்ட் எவர்கிளேட்ஸ் துறைமுகம் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ரக்ஸியில் பத்து நிமிடம். இறங்கியதும் சுமை தூக்குபவர்கள் பெட்டியை வாங்கி இரும்புக் கூண்டு வண்டியில் ஏற்றுவார்கள். அதற்கு முன், கப்பல் நிறுவனம் தரும் பெட்டிச் சீட்டை வீட்டில் அச்சடித்து, அந்தத் தாளை மடித்துக் கைபிடியில் சுற்றி ஸ்டேப்ளர் அடித்திருக்க வேண்டும். கபின் இலக்கம் அதில்தான் இருக்கிறது. இதை ரொறன்ரோவிலேயே மாட்டிவிட்டால் விமான நிலையத்து பெல்ட்டில் கிழிந்துபோகும். ஹோட்டலில் வைத்து மாட்டுங்கள், முடிந்தால் பிளாஸ்டிக் உறைக்குள். பெட்டி கபின் வாசலுக்கு வர இரவுச் சாப்பாட்டு நேரமும் ஆகலாம். வரவே இல்லையென்றால் உள்ளே அயன்பொக்ஸ் இருக்கிறதா என்று யோசியுங்கள். சேலைக்கு என்று கொண்டுபோவீர்கள், எக்ஸ்ரேயில் பிடிபடும். அயன்பொக்ஸ், கேத்தல், மெழுகுதிரி எல்லாம் தீ அபாயம் என்று பெரும்பாலான கப்பல்களில் தடை. பெட்டியைத் தடுத்து வைத்துவிட்டு, உங்களைக் கீழே கூப்பிட்டு முன்னால் திறக்கச் சொல்வார்கள். அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் கையில் ரம் போத்தல்.

திரும்பி வரும்போது, கடைசி இரவு பெட்டியைக் கபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். காலையில் சுங்க மண்டபத்தில் அதில் மாட்டிய சீட்டின் நிறம், இலக்கம் பார்த்து எடுக்கலாம். காலையில் போட வேண்டிய உடுப்பையும் சப்பாத்தையும் எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைப் பூட்டுங்கள். இரவு உடுப்போடு கப்பலை விட்டு இறங்கியவர்கள் இருக்கிறார்கள். சியாற்றிலில் இறங்குகிறீர்கள் என்றால், பெட்டியைக் கப்பலிலிருந்து நேரே விமானத்துக்கு இலவசமாகக் கொண்டுபோகும் சேவை அந்தத் துறைமுகத்தில் உண்டு. உங்கள் கப்பலும் விமானமும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். புளோரிடாவில் கப்பல் காலை ஏழு மணிக்குக் கரைக்கு வந்தாலும், பிற்பகல் ஒரு மணிக்கு முன்னால் விமானம் எடுக்காதீர்கள்.

நன்றி, வணக்கம்.