வானம் பொய், நெருப்பு நிஜம்

(மார்த்தாண்டத்தில் நூலக வாசகர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வெளியே மழை வருகிற மாதிரி இருக்கிறது. அப்படியும் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள். அந்தச் சொல் ‘சிமுலேட்’, அதாவது ஒன்றைப் போலவே இன்னொன்றைச் செய்துகாட்டுவது.

பிள்ளைகள் இந்தச் சொல்லில் இரண்டு இடத்தில் சறுக்குவார்கள். ஒரு விடைத்தாளில், சுனாமி ஒத்திகை ஊர்மக்களை ‘சிமுலேட்’ செய்தது என்று எழுதியிருந்தது. எழுத நினைத்தது ‘ஸ்டிமுலேட்’, அதாவது தூண்டியது. ஒரு எழுத்து விட்டுப்போனதில் ஊர்மக்கள் மொத்தமும் டூப் ஆகிவிட்டார்கள்! அது கவனக்குறைவு, சிவப்பு மையில் திருத்திவிடலாம். இன்னொன்றுதான் சிக்கல். எதை சிமுலேட் செய்கிறோம்? செயப்படுபொருள் எது? அங்கேதான் பெரியவர்களும் தடுமாறுகிறார்கள்.

‘போன்ற’ என்று பொருள்படும் ‘சிமிலிஸ்’ என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். உவமையைக் குறிக்கும் ‘சிமிலி’யும் அதே குடும்பம்தான். ஆனால் சிமுலேட் பிறந்தபோது அதற்கு நல்ல பெயர் கிடையாது. பாசாங்கு, நடிப்பு, ஏமாற்று என்றுதான் அர்த்தம். 1625-ல் பிரான்சிஸ் பேக்கன் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதினார். இல்லாததை இருப்பதாகக் காட்டுவது சிமுலேஷன், இருப்பதை மறைப்பது டிசிமுலேஷன் என்று பிரித்தார். திங்கட்கிழமை காலையில் மட்டும் வருகிற வயிற்றுவலி முதல் வகை. பழைய அர்த்தம் இன்னும் சாகவில்லை. நோயை ‘சிமுலேட்’ செய்தான் என்றால் இன்றைக்கும் பொய் சொன்னான் என்றுதான் பொருள்.

போன நூற்றாண்டில் பொறியாளர்கள் கைக்குப் போனபிறகு சொல்லின் குணம் மாறியது. 1929-ல் அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர் விமானப் பயிற்சிக்கு ஒரு பெட்டி செய்தார். அவருடைய அப்பாவுக்கு ஆர்கன் என்ற காற்றிசைக் கருவி செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்றடிக்கும் துருத்தியை வைத்தே அந்தப் பெட்டியைச் சாயவும் திரும்பவும் வைத்தார். விமானம் போலி, ஓட்டுகிறவன் கை நிஜம். யாரும் ஏமாறவில்லை, எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிறது. அதனால்தான் சொல் பிழைத்துக்கொண்டது.

நமக்குப் பக்கத்திலேயே இதைவிட நல்ல உதாரணம் இருக்கிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம். திருநெல்வேலி மாவட்டக் கணக்கில் வந்தாலும் நம்ம மலைத்தொடர்தானே, நானும் உரிமை எடுத்துக்கொள்கிறேன். ராக்கெட்டின் மேலடுக்கு எஞ்சினுக்கு வாய் நன்றாக அகன்றிருக்கும், நாகஸ்வரத்தின் அணசு மாதிரி. காற்றே இல்லாத உயரத்தில் எரிவதற்காகச் செய்தது அது. தரைமட்டக் காற்றழுத்தத்தில் அப்படியே பற்றவைத்தால் பாய்கிற வாயு சுவரை விட்டு ஒழுங்கில்லாமல் பிரியும், வாய் அதிர்ந்து சேதமாகலாம். சரி, என்ன செய்வது? எஞ்சினை மூடிய அறைக்குள் வைத்து, அழுத்தத்தை இறக்கி, வெற்றிடத்தை உண்டாக்கிவிட்டுப் பற்றவைக்கிறார்கள். மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கான சி.இ.20 கிரையோஜெனிக் எஞ்சினை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடும் எஞ்சினை, 2024 பிப்ரவரியில் இப்படித்தான் சோதித்தார்கள்.

இங்கே போலி எது? எஞ்சின் நிஜம். மைனஸ் 253 டிகிரியில் இருக்கிற திரவ ஹைட்ரஜன் நிஜம், நெருப்பு நிஜம். வானம் மட்டும்தான் போலி. ஆகவே எஞ்சினை சிமுலேட் செய்தார்கள் என்று எழுதினால் தப்பு. பறக்கும் நிலையை சிமுலேட் செய்தார்கள், எஞ்சினைச் சோதித்தார்கள். ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வினை, இரண்டு செயப்படுபொருள்.

தொல்காப்பியர் உவமையை ‘வினை பயன் மெய் உரு என்ற நான்கே’ என்று வகுத்தார். அந்த நூல் அதங்கோட்டாசான் முன்னால் அரங்கேறியது என்கிறது பாயிரம். அந்த அதங்கோடு, இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற நம்ம அதங்கோடுதான் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆராய்ச்சியாளர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நமக்கு வேண்டியது அந்த நான்கு சொல். கடையில் விற்கிற போலி முத்துக்கும் ஆங்கிலத்தில் ‘சிமுலேட்டட்’ என்றுதான் போடுவார்கள். அது மெய்யும் உருவும், அதாவது வடிவும் நிறமும் ஒத்தது. மகேந்திரகிரி அறையைப் பார்த்தால் யாருக்கும் வானம் ஞாபகம் வராது. ஆனால் எஞ்சினிடம் வானம் என்ன செய்யுமோ அதைச் செய்கிறது. வினையும் பயனும் ஒத்தது.

2004 சுனாமிக்குப் பிறகு நம்ம கடற்கரையில் ஒத்திகை நடத்துகிறார்கள் அல்லவா, ஒருமுறை நானும் போயிருந்தேன். மேட்டுக்கு ஏறி வந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, “மக்கா, அலை நெசமாவே வருதா?” என்றார். “இல்ல பாட்டி, சும்மா ஒத்திகைதான்” என்றேன். “சும்மாவா? பின்ன மூச்சு நெசமா வாங்குதே!” செயப்படுபொருளை என்னைவிட அவர் சரியாகப் பிரித்துவிட்டார்.

தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு தம்பி முன்கூட்டியே சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆட்கள் செய்தால் ‘ஒத்திகை’ அருமையான சொல், அதற்குள்ளேயே ‘ஒத்தல்’ இருக்கிறது. ஆனால் புயல் எங்கே கரையேறும் என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுவதை ஒத்திகை என்றால் பொருந்தவில்லை. ‘பாவனை’ என்றால் பழைய பாசாங்கு வாடை அடிக்கிறது. நான் ‘போலச் செய்து பார்த்தல்’ என்பேன். நீளம்தான். ஆனாலும் அந்தப் ‘பார்த்தல்’ எனக்கு வேண்டும். தம்பி வேறு சொல் வைத்திருந்தால் மைக்கை வாங்கிக்கொள்ளட்டும்.