பதினான்காவது முயற்சியில் இறக்கிவிட்டேன்!

வணக்கம் மக்களே. குரல் கொஞ்சம் கம்மியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ராத்திரி இரண்டு மணி வரை தூங்கவில்லை. இறக்கிவிட்டேன்! சான் பிரான்சிஸ்கோ, 28 இடது ஓடுபாதை, போயிங் 777, ஆட்டோபைலட் இல்லாமல். சிமுலேட்டரில்தான், சிரிக்காதீர்கள்.

எல்லாம் பெரியப்பாவால் வந்தது. போன ஞாயிறு வளைகாப்புப் பந்தியில், "இப்போதெல்லாம் பிளேன் தானாகவே பறக்குதுடா, பைலட்டுக்கு என்ன வேலை? பட்டனைத் தட்டிவிட்டு உட்கார்ந்திருப்பான்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்குப் பாயசமே இறங்கவில்லை. அது சேமியா பாயசம் என்பதும் ஒரு காரணம்.

அதற்கு முன்னால் இந்த லீவர், அதாவது என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி, சிமுலேட்டருக்காக வாங்கியது. 8,400 ரூபாய். டெலிவரிக்குத் தனியாக 149. இரண்டு என்ஜினுக்கு இரண்டு பிடி, படத்தில் அவ்வளவு அழகு. பெட்டியைப் பிரித்தால் வலது பிடி லொடலொட என்று ஆடுகிறது. மாற்றித் தரக் கேட்டால், "வீடியோ எடுத்து அனுப்புங்கள் சார்" என்கிறார்கள். வீடியோ எடுப்பதே என் பிழைப்பு! மூன்று கோணத்தில் எடுத்து அனுப்பினேன். நான்கு நாளாகப் பதில் இல்லை. கடைசியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி உள்ளே சொருகினேன். இப்போது வெண்ணெய் மாதிரி நகர்கிறது. செலவு பூஜ்யம்.

சரி, ஏன் 28 இடது? 2013 ஜூலை 6 அன்று தென்கொரிய நிறுவனமான ஏஷியானாவின் 214-ஆம் விமானம் அங்கேதான் விழுந்தது. சியோலில் இருந்து வந்த 777, உள்ளே 307 பேர். ஓடுபாதைக்கு முன்னால் உள்ள கடல் சுவரில் பின்பக்கம் மோதி, வால் பிய்ந்து போனது. மூன்று பேர் இறந்தார்கள்.

விமானத்தில் எந்தக் கோளாறும் இல்லை. அதுதான் என்னைத் தூங்கவிடாதது.

ஓட்டியவர் புதுசும் இல்லை. ஒன்பதாயிரம் மணிநேரத்துக்கு மேல் பறந்தவர், 777-க்குத்தான் புதியவர். வழக்கத்தைவிட உயரமாக வந்துவிட்டார்கள். இறங்குவதற்காக அவர் ஒரு மோடைத் தட்ட, குறித்து வைத்திருந்த 3,000 அடியை நோக்கி விமானம் ஏறப் பார்த்தது. உடனே ஆட்டோபைலட்டை எடுத்துவிட்டு, லீவரை முழுக்கப் பின்னால் இழுத்தார். அந்த நொடியில், லீவரைத் தானாக நகர்த்தி வேகத்தைக் காக்கும் ஆட்டோ த்ராட்டில் 'ஹோல்டு' நிலைக்குப் போய்விட்டது. அதாவது ஆன் ஆகத்தான் இருக்கும், ஆனால் லீவரைத் தொடாது. வேகத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று இவர் நினைத்தார். அது சும்மா இருந்தது. 137 நாட் (விமான வேகத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டிய வேகம் 103 வரை இறங்கியது.

நேற்று நான் வேண்டுமென்றே அதே மாதிரி செய்து பார்த்தேன். ஐந்து தடவை கடலில் விழுந்தேன். என் லீவர் தானாக நகராது, அதனால் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. நிஜ 777-இல் ஆட்டோ த்ராட்டில் வேலை செய்தால் லீவரும் கூடவே நகரும். கையை அதன்மேல் வைத்திருந்தால் அது அசையவில்லை என்று உள்ளங்கையே சொல்லியிருக்கும்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்று வானம் பளிச்சென்று இருந்தது. ஆனால் ஓடுபாதை வேலை காரணமாக, இறங்கு பாதையைக் காட்டும் கிளைடு ஸ்லோப் சிக்னல் நிறுத்தப்பட்டிருந்தது. கண்ணால் பார்த்து இறக்க வேண்டும். அதுவே பதற்றமாக இருந்தது என்று அந்த விமானி பிறகு விசாரணையில் சொன்னார்.

இதில் அவரை மட்டும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. தானியங்கிக் கருவிகளை முழுக்கப் பயன்படுத்துவதுதான் நிறுவனத்தின் கொள்கை, கையால் ஓட்டிப் பழக ஊக்கம் தரவில்லை என்று அமெரிக்க விசாரணை அமைப்பான என்டிஎஸ்பியே எழுதியது. பழகாத கைக்கு அன்று திடீரென்று எங்கிருந்து வரும்? அதே ஆண்டு ஜனவரியில்தான் அமெரிக்க விமானத் துறை, விமானிகளைக் கையாலும் ஓட்டிப் பழக விடுங்கள் என்று நிறுவனங்களுக்கு எழுதியிருந்தது. 2009-இல் ஏர் பிரான்ஸ் 447-இலும் இதே கதைதான். வேகம் அளக்கும் குழாயில் பனிக்கட்டி அடைத்து, ஆட்டோபைலட் விலகி, நடு அட்லாண்டிக்கில் 228 பேர் இறந்தார்கள்.

இன்னொன்று. ஏஷியானா காக்பிட்டில் பின்னால் உட்கார்ந்திருந்த மூன்றாவது விமானி, வேகமாக இறங்குகிறோம் என்று பலமுறை சத்தமாகச் சொன்னார். ஓட்டியவரின் பக்கத்தில் இருந்தவர் பயிற்சி தரும் கேப்டன், அவருக்கே அந்தப் பொறுப்பில் அது முதல் பயணம். 200 அடியில் வேகம் குறைந்தது கண்ணில் பட்டும், 100 அடிக்குக் கீழே போன பிறகுதான் மேலே தூக்கப் பார்த்தார்கள். "தூக்கு", அதாவது இறக்காமல் மறுபடி மேலே போ என்று சொல்ல எந்த விமானிக்கும் தயக்கம் இருக்கக்கூடாது. நானே ஒன்பதாவது முயற்சியில், யாருமே பார்க்காத என் அறையில், கௌரவம் பார்த்துத் தூக்காமல் சுவரில் மோதினேன்!

பதினான்காவதில் 138 நாட். இரண்டு குதி குதித்து நின்றது. சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்துவிட்டார்கள். பெரியப்பா ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவரையே உட்கார வைக்கிறேன், கேமராவும் ஓடும். டியூப் மட்டும் தாங்க வேண்டும்.