பாசஞ்சர் ரயிலில் மலையைத் தாண்டுங்கள்

வணக்கம். டோக்கியோவில் முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிற தம்பி, தங்கைகளுக்காகப் பேசச் சொன்னார்கள். லீவுக்கு எங்கே போகலாம் அண்ணா என்று கேட்டால் பாதிப் பேர் வடக்கே இருக்கும் சப்போரோ நகரத்துப் பனித் திருவிழா என்பார்கள். நல்ல விழாதான், 1950-ல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் ஆறு பனிச்சிலைகள் செய்து வைத்ததில் தொடங்கியது. ஆனால் அது பிப்ரவரியில், கூட்டமோ கூட்டம், அந்த வாரத்து அறை வாடகை நமக்குக் கட்டுப்படியாகாது. பனி பார்க்க அவ்வளவு தூரம் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

டோக்கியோவில் ஜனவரியில் பெரும்பாலும் பளிச்சென்று வெயில், காற்று வறண்டு உதடு வெடிக்கும்; அதே நாளில் மலைக்கு அந்தப் பக்கம், ஜப்பான் கடலோர நீகாதா மாகாணத்தின் மலையடி ஊர்களில், ஆள் உயரத்துக்குப் பனி கிடக்கும். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று, தன்னைவிட வெதுவெதுப்பான ஜப்பான் கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, நடுவில் நிற்கும் மலைத்தொடரில் ஏறும்போது சரக்கையெல்லாம் அங்கேயே கொட்டிவிட்டு வெறுங்கையோடு நம் பக்கம் இறங்குகிறது. அவ்வளவுதான் விஷயம்.

இதைக் கண்ணால் பார்க்க, மலையைத் தாண்டி நீகாதாவின் நாகாஓகா நகரத்துக்குப் போகும் ஜோயெட்சு ரயில் பாதை போதும். செய்ஷுன் ஜூஹச்சி கிப்பு என்று ஒரு டிக்கெட், பெயரில் 18 இருந்தாலும் வயது வரம்பு கிடையாது. சாதா ரயில்களில் நாள் முழுக்க ஏறி இறங்கலாம். முன்பெல்லாம் ஐந்து நாளையும் சீசனுக்குள் விருப்பம்போல் பிரித்துக்கொள்ளலாம், நண்பர்களோடு பங்கு போடலாம். 2024 குளிர்காலத்தில் அதை மாற்றி, ஒருவருக்கு மட்டும், தொடர்ந்தாற்போல் 3 நாள் 10,000 யென், 5 நாள் 12,050 யென் என்று வைத்தார்கள். எனக்கு அந்தப் பழைய டிக்கெட்தான் பிடிக்கும், என்ன செய்வது.

டோக்கியோவின் உவேனோ நிலையத்தில் ஏறி, தகசாகியில் மாறி, மினாகாமியில் இன்னொரு முறை மாறுங்கள். அதற்குப் பிறகு வண்டி குறைவு, நேரம் பார்த்து வையுங்கள். கொஞ்சம் தள்ளி வரும் தோஐ நிலையத்தில் நாகாஓகா பக்கம் போகும் நடைமேடை சுரங்கத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே வர 486 படி. இறங்காவிட்டாலும் பரவாயில்லை, 1967-ல் திறந்த அந்த 13 கிலோமீட்டர் இருட்டு முடிந்து வண்டி வெளியே வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அமுக்க வேண்டும். ஏறியதும் உள்ளிருந்து மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் பெட்டியே உங்களை முறைக்கும்.

நாகாஓகாவில் சாலை நடுவே வரிசையாகச் சின்னத் துளைகள், அதிலிருந்து நிலத்தடி நீர் பீய்ச்சி பனியைக் கரைத்துக்கொண்டே இருக்கும். அந்த நீரில் இரும்பு இருப்பதால் தெருவே துருப்பிடித்த செம்மண் நிறம். துணி ஷூவோடு போனால் பத்து நிமிடத்தில் சாக்ஸ் சொட்டச் சொட்ட நனையும், ஊர்க்காரர்கள் ரப்பர் பூட்ஸில்தான் நடக்கிறார்கள். கடையில் குளிருக்குச் சூடு தரும் கைரோ பாக்கெட் வாங்கிக்கொள்ளுங்கள், உள்ளே இருக்கும் இரும்புத்தூள் துருப்பிடிக்கும் சூட்டில்தான் அது வேலை செய்கிறது. நேராகத் தோலில் ஒட்டாதீர்கள், சுட்டுவிடும்.

நீண்ட விடுமுறையில், மாணவர்களின் பகுதி நேர வேலைக்கு உள்ள வாரத்துக்கு 28 மணி நேர வரம்பு தளர்ந்து, ஒரு நாளைக்கு 8 மணி வரை வேலை பார்க்கலாம் என்பதால் எல்லோரும் ஷிப்ட் ஷிப்டாக எடுத்துக்கொள்வீர்கள், தெரியும். எடுங்கள். மூன்று நாளை மட்டும் விட்டுவையுங்கள்.

கடைசியாக ஒன்று. பனி அதிகமானால் மினாகாமிக்கு அப்பால் சாதா ரயில் நின்றுவிடும். ஷிங்கன்சென் என்கிற புல்லட் ரயில் பாதையில் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பதால் அது பெரும்பாலும் ஓடும், ஆனால் இந்த டிக்கெட் அதில் செல்லாது. திரும்பி வர ஷிங்கன்சென் காசைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.