மதிலுக்குள் ஏதேன்: ஐரோப்பிய மடத்துத் தோட்டங்கள்

[திரையில்: பழைய தோல் வரைபடம்]

சுவிட்சர்லாந்தின் சாங்க்ட் காலன் மடத்து நூலகத்தில், ஐந்து தோல் துண்டுகளை ஒன்றாகத் தைத்து, கிறித்தவத் துறவி மடம் ஒன்றின் திட்டமாக வரைந்த வரைபடம் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், சாங்க்ட் காலன் மடத்தின் தலைவர் கோஸ்பெர்ட்டுக்காக, தெற்கு ஜெர்மனியின் ரைஷனாவ் மடத்தில் வரையப்பட்ட அந்தத் திட்டம் அப்படியே கட்டப்படவில்லை. ஆயினும், தோட்டம் என்பதை அக்காலத் துறவிகள் எவ்வாறு கண்டனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

தூண்வரிசை சூழ்ந்த நடுமுற்றத்தை நான்கு பாதைகள் கூறுபோடுகின்றன. அவை கூடும் மையத்தில், பசுமை மாறாத ஜூனிப்பர் வகைச் செடியின் பெயர் எழுதப்பட்டுள்ளது. இத்தகைய முற்றங்களில், முதல் மனிதர் வாழ்ந்த ஏதேன் தோட்டத்திலிருந்து புறப்பட்டு நான்காகப் பிரிந்ததாக விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமம் கூறும் ஆற்றின் சாயலைக் காண்பது மரபு. மூலிகைக்கு 16 பாத்திகளும் காய்கறிக்கு 18 பாத்திகளும் தனியே குறிக்கப்பட்டுள்ளன.

[திரையில்: கல்லறைப் பகுதி, அண்மைக் காட்சி]

வரைபடத்தில் நின்று பார்க்கவேண்டிய இடம் இடுகாடு. அதுவே மடத்தின் பழத்தோட்டமும் ஆகும். ஆப்பிள், பேரி, அத்தி, மல்பெரி மரங்களுக்கு இடையே துறவிகளின் கல்லறைகள், நடுவில் ஒரு சிலுவை. மண்ணின் மரங்களுள் மிகப் புனிதமானது சிலுவையே என்றும், நிலையான நலத்தின் கனிகள் அதில்தான் மணக்கின்றன என்றும் அங்குள்ள இலத்தீன் வரிகள் சொல்கின்றன. ஏதேனில் விலக்கப்பட்ட கனியின் மரத்தால் வந்த மரணம் சிலுவை மரத்தால் நீங்கியது என்னும் பழைய கிறித்தவக் கருத்தை, இறந்தவரைப் புதைக்கும் நிலத்திலேயே கனிமரங்களை நட்டுச் சொல்ல முற்பட்டிருக்கிறார்கள். பிற்கால மன்னர்கள் தம் தோட்டங்களில் எத்தனை சிலைகளை நிறுத்தியும் இந்த ஆழம் கைகூடவில்லை என்பது என் எண்ணம்.

அதே ரைஷனாவின் தலைவராக விளங்கிய வாலாஃபிரிட் ஸ்ட்ராபோ, தோட்டச் செடிகளைப் பற்றிய தம் கவிதையில் ரோஜாவை மறைசாட்சிகளின், அதாவது விசுவாசத்துக்காக உயிர்நீத்தவர்களின், குருதிக்கும் லில்லியை விசுவாசத்தின் தூய்மைக்கும் அடையாளமாக்கினார். ஆனால் அவர் தொடங்குவது மண்ணைக் கிளறி, கையைச் சுடும் களைச் செடிகளை வேரோடு பிடுங்கும் பாட்டிலிருந்துதான்.

[திரையில்: ஃபிராங்க்ஃபர்ட் ஓவியம்]

விவிலியத்தின் உன்னதப்பாட்டு நூலில் மணமகளைக் குறிக்கும் "அடைக்கப்பட்ட தோட்டம்", பின்னர் கன்னி மரியாளின் உருவகமாயிற்று. ஃபிராங்க்ஃபர்ட்டின் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் உள்ள, 1410-20 அளவில் தீட்டப்பட்ட சிறிய ஓவியத்தில், மதில் சூழ்ந்த புல்வெளியில் மரியாள் நூல் வாசிக்கிறார். குழந்தை இயேசு நரம்பிசைக் கருவியை மீட்டுகிறார். தீமையின் உருவான டிராகனும் மதிலுக்கு உள்ளேதான் கிடக்கிறது, செத்து மல்லாந்து.